சில்வா ஏரியின் சின்னக் கெண்டை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆப்பிரிக்க நன்னீர் மீன் என்றதும் ஜிலேபி மீனும் ஆப்பிரிக்கக் கெளுத்தியும்தான் நம்மவர்களுக்கு நினைவுக்கு வரும். அந்தக் கண்டத்தின் ஆறுகளிலும் ஏரிகளிலும் விரல் நீளத்துக்கு வளரும், பார்ப் எனப்படும் சின்னக் கெண்டை மீன்கள் 200 வகைக்கு மேல் இருக்கின்றன. அவற்றில் ஒன்றான எண்டெரோமியஸ் பாலுடினோசஸ் பற்றியதுதான் இந்தப் பக்கம். மலாவி நாட்டில் இதன் பெயர் மத்தெம்பா. அங்கே சில்வா என்ற ஏரியே வற்றிப்போனாலும் இந்த மீன் திரும்பி வந்துவிடுகிறது. எப்படி என்பதைத்தான் பலரும் கேட்கிறார்கள், அதனால் அந்தக் கேள்விக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

இந்த மீன் பார்க்க எப்படி இருக்கும்?

முதல் பார்வைக்குச் சாதாரண வெள்ளி நிற மீன்தான். உடலில் கறுப்புப் பொட்டோ பட்டையோ கண்ணில் படும்படி இருக்காது. வாயோரத்தில் இரண்டு ஜோடி சின்ன மீசை உண்டு. அதிகபட்சம் 15 செ.மீ. வரை வளரும் என்று பதிவுகள் சொல்கின்றன. ஆனால் வலையில் விழுவதில் பெரும்பாலானவை அதைவிடச் சிறியவை.

அடையாளம் காண முதுகுத் துடுப்பைப் பார்க்க வேண்டும். அந்தத் துடுப்பின் முன்முள் கெட்டியாக எலும்பு போல இருக்கும், அதன் பின்விளிம்பில் ரம்பப் பல் மாதிரி வரிசை இருக்கும். துடுப்பின் பின்பக்கம் ஏறக்குறைய நேர்கோடாக இறங்கும். ஒத்த நிறமுள்ள மற்றச் சிறு பார்ப்களோடு கலந்து கிடக்கும்போது இதைத்தான் முதலில் கவனிப்பார்கள்.

எங்கெல்லாம் வாழ்கிறது?

கிழக்கே எத்தியோப்பியாவில் தொடங்கி கென்யா, தான்சானியா, மலாவி, மொசாம்பிக் வழியாக தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நட்டால் வரை. காங்கோ ஆற்றின் தென்பகுதிக் கிளைகளிலும் அங்கோலாவிலும்கூட உண்டு. ஒரே வகை மீன் இவ்வளவு தூரம் பரவியிருப்பது அபூர்வம். அதனால்தான் இது உண்மையிலேயே ஒரே இனமா, அல்லது ஒரே மாதிரி தோற்றமுள்ள பல இனங்களா என்ற சந்தேகம் ஆய்வாளர்களுக்கு இருந்துகொண்டே இருக்கிறது. கிழக்கு ஆப்பிரிக்காவின் சிறு பார்ப்களில் மரபணு சோதனை செய்தபோது, ஒரே பெயரில் அழைக்கப்பட்டவற்றுக்குள் தனித்தனி வம்சங்கள் ஒளிந்திருந்தது தெரியவந்திருக்கிறது.

முதலில் இதை விவரித்து எழுதியவர் ஜெர்மானிய இயற்கையாளர் வில்ஹெல்ம் பீட்டர்ஸ். 1840களில் மொசாம்பிக்கில் பல ஆண்டுகள் சுற்றிச் சேகரித்தவர் அவர். 1852ல் இந்த மீனின் விவரம் அச்சில் வந்தது.

பழைய புத்தகங்களில் பார்பஸ் என்று இருக்கிறதே. எது சரி?

இப்போது எண்டெரோமியஸ் என்பதுதான் பெரும்பாலோர் ஏற்கும் பெயர். ஒரு காலத்தில் ஐரோப்பா, ஆசியா, ஆப்பிரிக்கா என்று எங்கே மீசை வைத்த கெண்டை வகை கிடைத்தாலும் பார்பஸ் என்ற ஒரே பேரினத்தில் போட்டுவிட்டார்கள். பிறகு குரோமோசோம்களை எண்ணிப் பார்த்தபோது கதை மாறியது. ஆப்பிரிக்காவின் சின்ன பார்ப்களுக்கு ஏறக்குறைய 50 குரோமோசோம்கள். ஐரோப்பிய பார்பஸுக்கு 100. ஆப்பிரிக்காவிலேயே வாழும் லேபியோபார்பஸ் என்ற பெரிய வகைக்கு 150. இத்தனை வித்தியாசத்தை ஒரே பெயருக்குள் அடைக்க முடியாது. 1867லேயே அமெரிக்க ஆய்வாளர் எட்வர்ட் டிரிங்கர் கோப் வைத்திருந்த எண்டெரோமியஸ் என்ற பெயரை 2015ல் வந்த ஆய்வு சிறு பார்ப்களுக்கு மீட்டுக் கொடுத்தது.

தகவல் தேடுபவர்கள் இரண்டு பெயரிலும் தேடுங்கள். மலாவி பற்றிய நல்ல ஆய்வுகளில் பாதிக்கு மேல் பழைய பெயரில்தான் கிடக்கின்றன.

நம் குளத்துக் கெண்டைக்கு இது சொந்தமா?

சொந்தம்தான், அதுவும் நெருங்கிய சொந்தம். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் வாய்க்கால்களிலும் ஏரிகளிலும் திரியும் சின்னக் கெண்டைகளான புன்டியஸ், பெத்தியா, டாக்கின்சியா ஆகியவை எண்டெரோமியஸ் இருக்கும் அதே துணைக்குடும்பத்தைச் சேர்ந்தவை. ஸ்மிலியோகாஸ்ட்ரினே என்று அதற்குப் பெயர். ஐரோப்பிய பார்பஸைவிட நம் வயல் வாய்க்கால் கெண்டைதான் மத்தெம்பாவுக்கு உறவில் கிட்டே நிற்கிறது.

என்ன தின்னும்?

கிடைத்ததை. பூச்சிப் புழுக்கள், சின்ன நத்தை, நுண்ணிய ஓட்டுயிரிகள், பாசி, அடியில் படியும் மட்கு. இது இல்லாவிட்டால் அது என்று மாற்றிக்கொள்ளும் குணம்தான் இதன் பலம்.

எப்படிப் பெருகுகிறது?

தண்ணீருக்குள் இருக்கும் செடிகளுக்கு நடுவே முட்டையிடும். பத்து செ.மீ.கூட எட்டாத பெண் மீன் 250 முதல் 2,500 முட்டை வரை சுமக்கும். எல்லாவற்றையும் ஒரே தடவையில் இட்டு முடித்துவிடாது, ஒரு பருவத்தில் பல முறை இடும். ஒரு தவணை முட்டை வெயிலில் காய்ந்து போனாலும் அடுத்த தவணைக்கு வாய்ப்பு இருக்கிறது. முட்டையையோ குஞ்சையோ காவல் காப்பதில்லை.

இதே கூட்டத்தில் விவிபாரஸ் என்று ஒரு மீன் இருக்கிறது. குட்டி போடும் மீன் என்று நினைத்து 1897ல் விலங்கியலாளர் மாக்ஸ் வெபர் அந்தப் பெயரை வைத்தார். அதுவும் மற்ற பார்ப்களைப் போல முட்டையிடும் மீன்தான். அதைப் படித்துவிட்டு மத்தெம்பாவும் குட்டி போடுமா என்று கேட்பவர்கள் உண்டு. போடாது.

சதுப்பு நீரில் ஆக்ஸிஜன் குறைவாயிற்றே, எப்படி மூச்சுவிடுகிறது?

அடர்ந்த கோரைக்குள் செத்த இலைகள் அழுகிக்கொண்டே இருக்கும். அந்த அழுகல் தண்ணீரின் ஆக்ஸிஜனை உறிஞ்சிவிடும். நிழலும் அதிகம், காற்றும் தண்ணீரைக் கலக்காது. பல மீன்கள் அங்கே தாக்குப்பிடிக்காது.

இதைப் பற்றி விரிவாகத் தெரிந்தது மத்தெம்பாவின் உறவினரான எண்டெரோமியஸ் நியூமயரி என்ற மீன் வழியாக. உகாண்டாவின் கிபாலே காட்டில் பாபிரஸ் கோரைச் சதுப்பும் அதை ஒட்டி ஓடும் ஓடைகளும் உண்டு. மெக்கில் பல்கலைக்கழகத்தின் லாரன் சாப்மேனும் உடன் ஆய்வாளர்களும் அங்கே பல ஆண்டுகள் வேலை செய்தார்கள். சதுப்புக்குள் வாழும் மீன்களுக்கு, ஓடையில் வாழும் அதே இன மீன்களைவிடச் செவுளின் பரப்பு கூடுதலாக இருந்தது. ஆக்ஸிஜன் மிகவும் குறைந்தால் மீன் மேலே வந்து, காற்றைத் தொட்டுக்கொண்டிருக்கும் மெல்லிய நீர்ப்படலத்தைச் செவுள் வழியே செலுத்தி மூச்சுவிடும். ஒரே இனம், நடந்து போகும் தூரத்தில் இரண்டு நீர்நிலை, இரண்டு மாதிரியான செவுள். எனக்கு இந்தக் குடும்பத்தின் மீதே பிரியம் வந்தது இந்த ஆய்வைப் படித்த பிறகுதான்.

இதில் மீனுக்கு ஒரு லாபமும் இருக்கிறது. தன்னைத் தின்னும் பெரிய மீன்கள் பல இந்த மூச்சுமுட்டும் நீருக்குள் வராது.

சில்வா ஏரி எங்கே இருக்கிறது? உண்மையிலேயே முழுசாக வற்றுமா?

மலாவியின் தென்கிழக்கே, ஸோம்பா நகருக்குக் கிழக்கே இருக்கிறது. மறுகரை மொசாம்பிக் எல்லையைத் தொடும். ஆறுகள் வந்து சேரும், வெளியே போக வழி கிடையாது. தண்ணீர் போவதெல்லாம் ஆவியாகித்தான். அதனால் உப்பு உள்ளேயே தங்கிவிடும். ஆழமும் மிகக் குறைவு, நல்ல மழை பெய்த ஆண்டிலும் ஐந்து மீட்டரைத் தாண்டாது. பரப்போ மிகப் பெரியது, சுற்றிலும் அதற்கு ஈடாகச் சம்பங்கோரைச் சதுப்பு.

ஆழமில்லாமல் அகலமாக மட்டும் இருக்கும் ஏரி, இரண்டு மூன்று ஆண்டு மழை தொடர்ந்து பொய்த்தால் தாங்காது. 1968ல் வற்றியது. 1995ல் மறுபடியும் வற்றியது. 2012லும் 2018லும் நீர் பெரும்பகுதி பின்வாங்கியது. படகுகள் வெடித்த சேற்றில் நின்றன. மீனவர்கள் சிலர் மலாவி ஏரிக்கும் மலோம்பே ஏரிக்கும் பிழைப்புத் தேடிப் போனார்கள், சிலர் விவசாயத்துக்குத் திரும்பினார்கள்.

நல்ல ஆண்டுகளில் மலாவி நாட்டின் மொத்த மீன்பிடிப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இந்த ஏரியிலிருந்தே கிடைத்திருக்கிறது. அதை வைத்துப் பார்த்தால் வற்றுவது எவ்வளவு பெரிய அடி என்று புரியும்.

ஏரி வற்றும்போது மீனுக்கு என்ன ஆகிறது?

ஏரியின் நடுவே இருப்பவை செத்துப்போகும். அதை மறைக்க வேண்டியதில்லை. நீர் குறையக் குறைய உப்பும் காரத்தன்மையும் ஏறும். ஆழம் இல்லாததால் காற்றடித்தால் அடிச்சேறு முழுக்கக் கலங்கும், ஆக்ஸிஜன் சட்டென்று இறங்கும். முழுசாகக் காய்வதற்கு முன்பே கூட்டம் கூட்டமாக மீன் மிதக்க ஆரம்பித்துவிடும்.

தப்பிப்பவை ஓரத்தில் இருப்பவை. டொமாசி, லிகங்காலா, பலோம்பே போன்ற ஆறுகள் ஏரியில் வந்து சேர்கின்றன. மேற்கே ஸோம்பா மலை, தெற்கே முலாஞ்சே மலை என்று மழை பிடிக்கும் இடங்களிலிருந்து வருவதால் ஏரி காய்ந்த பிறகும் இவற்றின் மடுக்களில் கொஞ்சம் நன்னீர் நிற்கும். சதுப்பின் உட்பகுதியிலும் குட்டைகள் மிஞ்சும். மத்தெம்பா அங்கே இருந்துகொள்ளும். ஆற்றிலும் வாழும், சதுப்பிலும் வாழும், ஓரளவு உப்பையும் கலங்கலையும் தாங்கும், எதையும் தின்னும் என்று மேலே சொன்ன குணங்கள் எல்லாம் இந்த இடத்தில்தான் கைகொடுக்கின்றன.

மழை திரும்பி வந்து ஏரி நிரம்பும்போது, நீர் புதிதாக மூழ்கடித்த தரையில் உரச்சத்து ஏராளமாகக் கரைந்திருக்கும். நுண்ணுயிர்கள் பெருகும். போட்டி போட வேறு மீன் அதிகம் இருக்காது. மடுவில் காத்திருந்த மத்தெம்பா கீழே இறங்கி முட்டையிடத் தொடங்கும். சின்ன வயதிலேயே முட்டையிடும் மீன் என்பதால் கூட்டம் வேகமாக வளரும்.

1960களின் பிற்பகுதியில் மார்கரெட் கால்க் உள்ளிட்ட ஆய்வாளர்கள் மலாவி பல்கலைக்கழகத்திலிருந்து இந்த ஏரியைத் தொடர்ந்து கவனித்தார்கள். 1968 வறட்சியும் அதன் பிறகான மீட்சியும் அவர்கள் கண்ணெதிரே நடந்தன. வெப்பமண்டல ஏரி ஒன்று செத்துப் பிழைப்பதை இவ்வளவு நெருக்கமாகப் பார்த்து எழுதிய பதிவுகள் அதிகம் இல்லை.

ஏரியின் மற்ற மீன்களும் இப்படித் திரும்புமா?

ஏரியில் பெரிதாகப் பிடிபடுபவை மூன்று: மத்தெம்பா, ம்லாம்பா என்கிற ஆப்பிரிக்கக் கெளுத்தி, மாகும்பா என்கிற உள்ளூர் ஜிலேபி. கெளுத்தி காற்றையே நேரடியாகச் சுவாசிக்கும், சேற்றிலும் கிடக்கும், ஆகவே அதுவும் சீக்கிரம் தேறிவிடும். மாகும்பாதான் பின்தங்கும். வளர நாள் எடுக்கும், வாயில் வைத்துக் குஞ்சு காப்பதால் ஒரு தடவைக்கு முட்டையும் குறைவு. வறட்சிக்குப் பிறகு வரும் முதல் சில ஆண்டுகளில் சந்தையில் கருவாடாகக் குவிவது மத்தெம்பாதான்.

எப்படிப் பிடிக்கிறார்கள்?

கண் சிறுத்த கரைவலையை வளைத்துப் போட்டு இழுப்பது ஒரு வழி. சதுப்போரத்தில் பின்னல் பறி வைப்பது இன்னொன்று. கெளுத்திக்கு நீளத் தூண்டில், ஜிலேபிக்குச் செவுள்வலை என்று தனித்தனியாக உண்டு.

சில மீனவர்கள் கரைக்கே வராமல் சதுப்பின் மேலேயே தங்குவார்கள். கோரையை மடக்கி அடுக்கி, அதன் மேல் குடிசை போட்டுக்கொள்வார்கள். ஸிம்போவேரா என்பது அந்தக் குடிசையின் பெயர். பிடித்ததை அங்கேயே காயவைத்துப் படகில் அனுப்புவார்கள்.

எப்படிச் சாப்பிடுகிறார்கள்? சத்து உண்டா?

மேடை போட்டு வெயிலில் காயவைப்பார்கள். பிறகு தக்காளி, வெங்காயம் போட்டுக் குழம்பு மாதிரி வைத்து, சோள மாவுக் களியான என்ஸிமாவோடு சாப்பிடுவார்கள். நம்மூர் நெத்திலிக் கருவாட்டைப் போலத்தான்: தலை, முள் எல்லாம் சேர்த்து முழுசாக உள்ளே போகும். சத்தும் அதில்தான் இருக்கிறது. பெரிய மீனில் சதையை மட்டும் தின்கிறோம். சின்ன மீனில் எலும்பின் சுண்ணாம்புச்சத்தும் கண், ஈரலில் இருக்கும் வைட்டமின் ஏ, இரும்பு போன்றவையும் கிடைத்துவிடும். கருவாடு என்பதால் ஐஸ் வேண்டாம், மின்சாரம் வேண்டாம். ஒரு கிலோ வாங்க முடியாதவர் ஒரு சின்னக் குவியல் வாங்கிக்கொள்ளலாம். மலாவியின் ஏழை வீடுகளுக்குப் புரதம் எட்டுவது இப்படித்தான், ஆகவே இதைச் சில்லறை மீன் என்று ஒதுக்கிப் பேசுவதை நான் ஏற்பதில்லை.

ஜிம்பாப்வேயிலும் மத்தெம்பா விற்கிறார்களே, அது இதுதானா?

இல்லை. அங்கே அந்தப் பெயரில் விற்பது பெரும்பாலும் கபெண்டா. அது டாங்கனீக்கா ஏரியிலிருந்து கொண்டுவந்து கரீபா நீர்த்தேக்கத்தில் விடப்பட்ட நன்னீர் மத்தி வகை. உருவத்தில் சிறியது, கருவாடாக விற்பது, அவ்வளவுதான் ஒற்றுமை.

இந்த இனம் அழியும் நிலையில் இருக்கிறதா?

இது இல்லை. இவ்வளவு பரந்து கிடக்கும் மீனுக்கு இப்போதைக்கு இனமாக ஆபத்து கிடையாது. ஆனால் உறவினர்கள் எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை.

தென்னாப்பிரிக்காவின் ட்ரூயர் ஆற்று பார்ப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பொழுதுபோக்குத் தூண்டில்காரர்களுக்காக வெளிநாட்டு வேட்டை மீன்களைக் கொண்டுவந்து விட்டதில், பெயர் கொடுத்த ஆற்றிலேயே அது இல்லாமல் போனது. அந்த மீன்கள் எட்டாத பிளைட் ஆற்றின் மேல்பகுதியில் மட்டும் ஒரு கூட்டம் பிழைத்திருந்தது 1970களில் தெரியவந்தது. 1990களில் ட்ரூயர் ஆற்றில் மறுபடி கொண்டுபோய் விட்டார்கள். காங்கோ ஜனநாயகக் குடியரசில் ம்பான்ஸா-ங்குங்கு நகரைச் சுற்றியுள்ள சுண்ணாம்புக் குகைகளில் கண்ணே இல்லாத, நிறமில்லாத கேகோபார்பஸ் என்ற பார்ப் இருக்கிறது. 1921ல் விவரிக்கப்பட்டது. பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் அதற்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். மேலே நகரம் வளர வளரக் குகைக்குள் இறங்கும் தண்ணீர் கெடுவதுதான் அதன் பிரச்சினை.

வீட்டுத் தொட்டியில் வளர்க்கலாமா?

மத்தெம்பாவைத் தொட்டிக்காக யாரும் விற்பதில்லை. ஆப்பிரிக்க பார்ப் வேண்டுமென்றால் காங்கோவின் வண்ணத்துப்பூச்சி பார்ப் எப்போதாவது கிடைக்கும். அதன் பெயர் எண்டெரோமியஸ் ஹல்ஸ்டெர்டி, நாலு செ.மீ.கூட வராது, பக்கவாட்டில் பெரிய கறுப்புப் புள்ளிகளும் மஞ்சள் துடுப்புகளும் உண்டு. மென்மையான, சற்று அமிலத்தன்மையான நீரும் மங்கிய வெளிச்சமும் கேட்கும். கூட்டமாகத்தான் வைக்க வேண்டும். நம் ஊர்க் கடின நீரில் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் சொல்லமாட்டேன். எந்தத் தொட்டி மீனையும் குளத்திலோ ஆற்றிலோ விடாதீர்கள். ஆப்பிரிக்கக் கெளுத்தி நம் நீர்நிலைகளில் புகுந்து செய்யும் சேதம் போதும்.

சில்வா ஏரியில் மீன்பிடிக்கத் தடை போட்டால் மத்தெம்பா பெருகாதா?

அது அவ்வளவு நேரான கணக்கு இல்லை. ஏரி வற்றப் போகும் ஆண்டில் நடு ஏரியில் இருக்கும் மீனை யாரும் பிடிக்காவிட்டாலும் அது சாகத்தான் போகிறது. அந்த மீனைப் பிடித்துக் காயவைத்துச் சாப்பிடுவதில் நஷ்டம் ஒன்றுமில்லை என்பதே என் எண்ணம். காக்க வேண்டியது விதை மீனை. அதாவது ஆற்று மடுக்களிலும் சதுப்புக் குட்டைகளிலும் அடைக்கலம் புகுந்திருக்கும் அந்தக் கொஞ்ச மீனை. வறட்சிக் காலத்தில் பசியோடு இருப்பவர்களுக்கு அந்த மடு கையெட்டும் தூரத்தில் இருக்கும். செடி நஞ்சைக் கலக்கி ஒரே நாளில் மொத்த மடுவையும் காலி செய்துவிட முடியும். கொசுவலையைக் கட்டி இழுத்தால் குஞ்சுகூட மிஞ்சாது.

1995 வறட்சியின்போது இதைப் புரிந்துகொண்டு மீன்வளத் துறையும் கரையோரக் கிராமக் குழுக்களும் சேர்ந்து மடுக்களைக் காக்க முனைந்தன. தன் ஊர் மடுவைத் தானே காப்பது என்ற ஏற்பாடு, தலைநகரிலிருந்து வரும் உத்தரவைவிடப் பொருத்தமானது.

இன்னொரு பக்கம் மேட்டு நிலம். மலைச்சரிவில் மரம் வெட்டி விறகும் கரியும் ஆக்கினால் மண் கரைந்து வந்து மடுவைத் தூர்க்கும். நெல்லுக்கு ஆற்று நீரைத் திருப்பினால் மடுவுக்கு நீர் வராது. எலி, பறவை பிடிக்கவும் வயலாக்கவும் கோரையைக் கொளுத்தினால் முட்டையிடும் இடமே போய்விடும். 2006ல் யுனெஸ்கோ இந்த ஏரியை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது, ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலிலும் இது இருக்கிறது. இரண்டுமே ஏரியோடு சதுப்பையும் சேர்த்துத்தான் எல்லை போட்டிருக்கின்றன. அது சரியான முடிவு. வறட்சி ஆண்டில் ஏரிக்கு வேலி போடப் பணம் ஒதுக்குவதைவிட, லிகங்காலா, டொமாசி ஆறுகளின் மடுக்களுக்கு ஆள் போட்டுக் காவல் காப்பதற்கு ஒதுக்கினால் அடுத்த மழைக்குப் பலன் தெரியும்.